செங்கல் சுவரும் டிவி கேபிளும்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

டிவியைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. கூடம் விசாலமாகத் தெரிகிறது. ஆனால் டிவிக்கு அடியிலிருந்து கரண்ட் ஒயர், டிஷ் ஒயர், பாக்ஸிலிருந்து படமும் ஒலியும் கொண்டுவரும் எச்டிஎம்ஐ, இன்டர்நெட் ஒயர் என்று நாலைந்து கேபிள்கள் தொங்குகின்றன. இதை மறைக்கலாம் என்று தேடினால் வருகிற வீடியோக்களில் பாதி வெளிநாட்டு வீடுகள். அங்கே சுவர் அட்டை மாதிரி இருக்கும், உள்ளே காலியாக இருக்கும். மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை போட்டுக் கேபிளை உள்ளே விட்டால் வேலை முடிந்தது. நம் வீட்டுச் சுவரில் அது நடக்காது. செங்கல்லோ, செம்மண் பாறையில் வெட்டியெடுத்த வெட்டுக்கல்லோ முழுசாக அடுக்கி, மேலே பூசியிருக்கிறோம். கேபிள் போக வழி வேண்டுமென்றால் நாம்தான் வெட்ட வேண்டும்.

நான் இருப்பது தென்காசிப் பக்கம் செங்கோட்டை. மூன்று வீடுகளில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று செய்திருக்கிறேன்: எங்கள் வீடு, புளியரையில் அத்தை வீடு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் சித்தப்பா வீடு. மூன்றும் மூன்று விதமான சுவர்.

அத்தை வீட்டில் நாங்கள் செய்தது இரண்டாவது முறை. முதலில் செய்தவர் எச்டிஎம்ஐ கேபிளை அப்படியே காடிக்குள், அதாவது சுவரில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள் வைத்து, மேலே சாந்து பூசிவிட்டுப் போய்விட்டார். பைப் கிடையாது. இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. அப்புறம் படத்தில் புள்ளி புள்ளியாக மின்ன ஆரம்பித்து, ஒரு நாள் படமே வரவில்லை. செட்டாப் பாக்ஸை மாற்றிப் பார்த்து, டிவியைக் கடைக்குத் தூக்கிப் போய்ப் பார்த்து, கடைசியில் கேபிள்தான் போய்விட்டது என்று தெரிந்தது. கேபிளை மாற்றச் சுவரை உடைக்க வேண்டியதாயிற்று. புதுசாகப் பெயிண்ட் அடித்த சுவர். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சுவருக்குள் கேபிளைப் பதிக்காதீர்கள், பைப்பைப் பதியுங்கள். பைப் இருந்தால் நாளைக்கு எந்தக் கேபிளை வேண்டுமானாலும் உருவிவிட்டு வேறு ஒன்றை விடலாம். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தப் பைப்பை ஒழுங்காக வைப்பதற்காகத்தான்.

உங்கள் சுவர் எந்தச் சுவர்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டிங் மிஷினைக் கையில் எடுக்காதீர்கள். டிவி வரப்போகும் இடத்தில், பிறகு டிவி மறைத்துவிடும் ஒரு மூலையில், 6 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு சிறு துளை போடுங்கள். முதலில் பூச்சின் சாம்பல் தூள் வரும். ஒன்றரை செ.மீ. ஆழத்துக்குப் பிறகு என்ன வருகிறது என்று பாருங்கள்.

செங்கல் நிறத்தில் மாவு மாதிரித் தூள் வந்தால் செங்கல். இதுதான் வேலைக்கு நல்ல சுவர். ஆனால் 9 அங்குலச் சுவரா, நாலரை அங்குலச் சுவரா என்று வாசல் நிலைப் பக்கம் பார்த்து அளந்துகொள்ளுங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. மேலிருந்து கீழாக வெட்டும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான். நாலரை அங்குலச் சுவரில் அது நெட்டுக்கு 38 மி.மீ., படுக்கைக்கு 19 மி.மீ. மட்டுமே. படுக்கைக் காடி சுவரின் பலத்தை அதிகம் குறைக்கும், ஏனென்றால் மேலே உள்ள பாரம் இறங்கும் வழியைக் குறுக்கே அறுத்துவிடுகிறோம். முடிந்தவரை நெட்டுக்காடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துளை போடும்போது பிட் திடீரென்று உள்ளே வழுக்கிப் போனால் ஹாலோ பிளாக். அதன் ஓடு மெலிசு, வெட்டினால் உள்ளே உள்ள காலி அறைக்குள் உடைந்து விழும். ஹாலோ பிளாக் சுவரில் காடி வேண்டாம், சுவர்மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் கேசிங் பட்டையே போதும்.

பிட் ஏறாமல் கத்தி, வெளிர்சாம்பல் தூள் வந்தால் கான்கிரீட். தூணோ பீமோ, கதவு ஜன்னலுக்கு மேலே போகும் லிண்டலோ இருக்கும். அதை ஒரு மி.மீ.கூட வெட்டாதீர்கள். உள்ளே கம்பி இருக்கிறது. கம்பிக்கு மேலே உள்ள அந்த மூன்று நான்கு செ.மீ. கான்கிரீட்தான் அது துருப்பிடிக்காமல் காக்கிறது. டிவி இடத்தை ஒரு அடி நகர்த்துவது எவ்வளவோ மேல்.

சித்தப்பா வீடு வெட்டுக்கல். அந்தப் பக்கம் நிறைய வீடுகள் அப்படித்தான். கல்லுக்குள் சின்னச் சின்னப் பொந்துகள் இருக்கும். காடி வெட்ட எளிது, ஆனால் ஓரம் பொலபொலவென்று உதிரும், நேர்கோடாக வராது. அகலம் கூடிவிடும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். டிவி மாட்டும் ஸ்குரூவும் இதில் சட்டென்று பிடிக்காது. வழக்கமானதைவிட நீளமான ஆங்கர் (சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) போடுங்கள்.

எங்கள் வீடு திருவிதாங்கூர் காலத்து வீடு. செங்கோட்டை 1949 வரை அந்த ராஜ்யத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும்தானே இருந்தது. சுவர் ஒன்றரை அடிக் கனம், பூச்சு சுண்ணாம்புக் காரை. இப்படிப்பட்ட வீடு உங்களுக்கும் இருந்தால், வெட்டிய இடத்தைச் சிமெண்ட் சாந்தால் அடைக்காதீர்கள். சிமெண்ட் கல்லாக இறுகும், காரை இளகலாக இருக்கும். இரண்டும் சேரும் கோட்டில் விரிசல் விடும், ஈரமும் அங்கேதான் தங்கும். எங்கள் கொத்தனார் தாத்தா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல சிமெண்ட் போட்டீங்கன்னா நாலு மாசத்துல ஓரம் ஓரமாப் பிரிஞ்சு நிக்கும். சுண்ணாம்பும் மணலும் கொண்டாங்க" என்றார். அதையே செய்தோம். காய ரொம்ப நாள் எடுத்தது, ஆனால் வெட்டிய இடம் எதுவென்று இன்று எனக்கே தெரியவில்லை.

வெட்டத்தான் வேண்டுமா?

வாடகை வீடு என்றால் வெட்டாதீர்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, டிவிக்கு நேர் கீழே பி.வி.சி. கேசிங்-கேப்பிங் பட்டை ஒட்டி, சுவர்ப் பெயிண்டையே அதன்மேலும் அடித்துவிடுங்கள். இரண்டு அங்குல அகலப் பட்டையில் கரண்ட் ஒயர் தவிர மற்றக் கேபிள்கள் அடங்கும். பட்டை சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்குக்குண்டு விட்டு நூல் அடித்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண் மட்டத்தில் ஒரு விரல் அளவு சாய்ந்தாலும் வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கரண்ட் ஒயரை மற்றவற்றோடு ஒரே பட்டையில் திணிக்காமல், தனிப் பட்டையிலோ நடுவில் தடுப்பு உள்ள பட்டையிலோ விடுங்கள்.

சொந்த வீடு, செங்கல் சுவர், இன்னும் பத்து வருஷம் டிவி அங்கேதான் என்றால் காடி எடுக்கலாம்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் சாரல் மாதம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற நாட்களில் வீட்டுக்குள் துவைத்த துணியே காயாது, பூச்சு எப்படிக் காயும்? ஐப்பசி, கார்த்திகையும் அப்படித்தான். தை முதல் சித்திரை வரை செய்தால் சுவர் தானாகக் காய்ந்து கொடுக்கும்.

அளவு போடுதல்

உட்கார்ந்து பார்க்கிறவரின் கண் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி. டிவியின் நடுப்பகுதி அங்கே வர வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டிவிடுகிறோம், பிறகு கழுத்து வலிக்கிறது. 43 அங்குல டிவி ஏறக்குறைய 95 செ.மீ. அகலம், 55 செ.மீ. உயரம். 55 அங்குலம் என்றால் 122 செ.மீ.க்கு 70. பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்து ஒத்துக்கொண்ட பிறகு கோடு போடுங்கள்.

பைப்பின் இரண்டு முனையிலும், கேபிள் வெளியே வர, சுவருக்குள் பதிக்கும் பெட்டி வரும். மேல் பெட்டி டிவிக்குப் பின்னால். கீழ்ப் பெட்டி டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடியில். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கட்டும். அப்போது நடுவில் பைப் ஒரு வளைவும் இல்லாமல் நேராக இறங்கும். இது ரொம்ப முக்கியம். எச்டிஎம்ஐ கேபிளின் தலை ஏறக்குறைய 2 செ.மீ. அகலம், வளையாது. 25 மி.மீ. பைப் என்று கடையில் கொடுப்பது வெளி அளவு. உள்ளே 21, 22 மி.மீ.தான் இருக்கும். நேர்ப் பைப்பிலேயே உரசிக்கொண்டு போகும், எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு) போட்டால் அங்கேயே நின்றுவிடும்.

9 அங்குலச் சுவரில் 40 மி.மீ. பைப் ஒன்று வையுங்கள், பத்து வருஷத்துக்குப் போதும். நாலரை அங்குலச் சுவரில் 32 மி.மீ. போதும், ஆனால் வளைவு கூடாது.

பைப்பும் டிவி பிராக்கெட்டின் ஸ்குரூவும் ஒரே கோட்டில் வரக்கூடாது என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். டிவியின் பின்னால் உள்ள நாலு ஸ்குரூத் துளைகளின் இடைவெளி 200க்கு 200 மி.மீ. அல்லது 400க்கு 400 மி.மீ. என்பதுபோல வரும். பிராக்கெட்டைச் சுவரில் வைத்துப் பார்த்து, அதன் துளைகளைக் குறித்துவிட்டு, பைப் கோட்டை அவற்றிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

கரண்ட் வழி தனி

டிவியோடு வருகிற பவர் கார்டைச் சுவருக்குள் விடக்கூடாது. பைப்புக்குள்ளேகூட வேண்டாம். டிவிக்குப் பின்னால் ஒரு 6 ஆம்பியர் மூன்று பின் பிளக் பாயிண்ட் வர வேண்டும். பக்கத்து சுவிட்ச் போர்டிலிருந்து தனி 20 மி.மீ. பைப்பில் 1.5 சதுர மி.மீ. ஒயர் மூன்று: பேஸ், நியூட்ரல், எர்த். எர்த்தை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த ஒரு பகுதியை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மற்றதை நாமே செய்யலாம்.

கரண்ட் பைப்பும் சிக்னல் பைப்பும் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடாது. ஒரு அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே தாண்டியே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரி செங்குத்தாகத் தாண்டட்டும். பெட்டியும் தனித்தனி.

இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குச் சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் ஆனால் இடி இறங்கும். சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கை உருவ வேண்டும், டிஷ் ஒயரையும் கழற்ற வேண்டும். பிளக் பாயிண்டை டிவியின் நட்டநடுவில் பின்னால் வைத்துவிட்டால் கை எட்டாது, யாரும் உருவ மாட்டார்கள். டிவியின் பக்க ஓரத்திலிருந்து ஒரு கை அளவு உள்ளே வையுங்கள், வெளியே தெரியாது, கையும் போகும். டிஷ் ஒயரைக் கீழ்ப் பெட்டியோடு நிறுத்தி, செட்டாப் பாக்ஸை ஸ்டாண்டிலேயே வையுங்கள். ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி கழற்றிவிடலாம்.

காடி எடுத்தல்

முதலில் வெட்டப்போகும் அறையின் சர்க்யூட்டை மெயின் போர்டில் அணையுங்கள். டெஸ்டரால் பார்த்த பிறகும், வெட்டப்போகும் கோட்டுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ, பக்கவாட்டிலோ ஏதாவது சுவிட்ச் போர்டு, லைட் பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஒயர் அந்தக் கோட்டில்தான் போயிருக்கும். மிஷினுக்குக் கரண்ட் வேறு அறையிலிருந்து, வேறு சர்க்யூட்டிலிருந்து எடுங்கள்.

தூசி பயங்கரமாகப் பறக்கும். நான் முதல்முறை ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு செய்தேன், மூன்று நாள் மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறம். என்95 மாஸ்க், கண்ணாடி இரண்டும் கட்டாயம் வேண்டும். கதவு இடுக்கில் ஈரத்துணி, சாமான்கள்மேல் பிளாஸ்டிக் ஷீட். கரண்டில் ஓடும் மிஷின்மேல் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பைப்பின் அகலத்தைவிட ஒரு செ.மீ. கூடுதலாக இரண்டு இணைகோடுகள் போட்டு, மிஷினால் அந்த இரண்டு கோட்டையும் வெட்டுங்கள். நடுவில் உள்ளதைச் சில்லு உளியும் சுத்தியலும் வைத்துக் கொத்தி எடுங்கள். உளியை நெட்டுக்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழே சின்னச் சின்ன அடியாக அடியுங்கள். ஓங்கி அடித்தால் நாலரை அங்குலச் சுவரின் மறுபக்கத்துப் பூச்சு பெயர்ந்து விழும். பைப்பை வைத்தால் அதன் முதுகு பூச்சின் மேல்மட்டத்திலிருந்து ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் பைப்பின் மேலேயே நீளக் கோடாக விரிசல் வரும்.

பெட்டிகளின் பக்கத்தில் உள்ள துளைகள் 20, 25 மி.மீ. பைப்புக்கானவை. 40 மி.மீ. பைப்புக்கு அதை அறுத்துப் பெரிதாக்கி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள். தேய்க்காத ஓரம் கேபிள் தோலைக் கிழித்துவிடும். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் முடிச்சுப் போடுங்கள். பெட்டிகளுக்குள் சாந்து விழாமல் செய்தித்தாளைச் சுருட்டி அடையுங்கள். ஆணி அடித்துக் கட்டுக்கம்பியால் பைப்பை இறுக்கிக் கட்டுங்கள்.

அடைப்பதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். டேப்பைச் சுவரில் விரித்துப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று எண் தெரிகிற மாதிரி எடுங்கள். அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு மெயின் போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். பின்னால் சாமி படம் மாட்ட யாராவது ஆணி அடிக்க வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அடைத்தல்

காடியைத் துடைப்பத்தால் தட்டி, தண்ணீர் அடித்து நன்றாக நனையுங்கள். காய்ந்த செங்கல் சாந்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சாந்து பிடிக்காது. செங்கல் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு சலித்த மணல். ஒரே தடவையில் அடைக்காமல், முதலில் முக்கால்வாசி அடைத்து ஒரு நாள் விடுங்கள். மறுநாள் காடியின் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் தாண்டுகிற மாதிரிப் பழைய பூச்சை லேசாகக் கொத்தி, கோழிவலையை வைத்து ஆணி அடித்து, மேல்பூச்சு பூசி மணியாசு கட்டையால் தேய்த்து மட்டம் பண்ணுங்கள். கோழிவலையை விட்டுவிட்டால் பெரும்பாலும் விரிசல் வரும். அத்தை வீட்டுச் சுவரில் பழைய வேலையை உடைத்தபோது உள்ளே வலையே இல்லை.

ஒரு வாரம் தினம் மூன்று வேளை தண்ணீர் தெளியுங்கள். அப்புறம் காய விடுங்கள். பட்டி (பெயிண்டுக்கு முன்னால் சுவரை மழமழப்பாக்கப் பூசும் மாவு) வைக்க அவசரப்படாதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு: கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை ஒரு சாண் வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஷீட்டின் உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. வேர்க்காத அன்றைக்குப் பட்டி, பிரைமர், பெயிண்ட் என்று போகலாம். பெயிண்டைக் காடி மட்டும் அடிக்காமல் அந்தச் சுவர் முழுக்க அடியுங்கள், இல்லாவிட்டால் பட்டை தெரியும்.

கேபிள் விடுதல்

நைலான் கயிற்றில் கேபிள் தலையைக் கட்டி, மேலே டேப் சுற்றிக் கூர்மையாக்கி இழுங்கள். ஒருவர் மேலிருந்து தள்ள, ஒருவர் கீழிருந்து இழுக்க வேண்டும். கேபிளோடு சேர்த்து இன்னொரு கயிற்றையும் விட்டுவையுங்கள், அடுத்த முறைக்கு உதவும்.

எச்டிஎம்ஐ 2 மீட்டர் போதும். நீளம் ரொம்பக் கூடினால் 4கே எனப்படும் மிகத் துல்லியப் படம் தடுமாறலாம். கூடத்தின் மறுகோடியிலிருந்து பத்து மீட்டர் கொண்டுவர வேண்டியிருந்தால் படத்தை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. டிவிப் பக்கத் தலை எது, பாக்ஸ் பக்கத் தலை எது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். இழுப்பதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். கேட்6 என்கிற இன்டர்நெட் ஒயரையும் டிஷ் ஒயரையும் தலை இல்லாமல் இழுத்து, பிறகு தலை போட்டுக்கொள்ளலாம். எல்லாக் கேபிளையும் சுவருக்குள் விடுவதற்கு முன் ஒரு முறை வெளியிலேயே மாட்டிப் படம் வருகிறதா என்று பாருங்கள்.

டிஷ் ஒயர் வெளிச்சுவரைத் துளைத்து வருகிற இடத்தில், துளை வெளிப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். துளைக்கு வெளியே ஒயரை ஒரு தொங்கலாக வளைத்து விடுங்கள். சாரல் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

கடைசியாக, பைப்பின் இரண்டு வாயையும் பஞ்சால் அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லிக்குட்டியும் அந்த இருட்டைத் தேடி வரும். கேபிள் மாற்றும்போது பஞ்சை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தால் போதும். இரண்டு மாதம் முன்பு அத்தை வீட்டில் சவுண்ட்பார் வாங்கினார்கள், இன்னொரு எச்டிஎம்ஐ தேவைப்பட்டது. பஞ்சை எடுத்து, உள்ளே விட்டுவைத்த கயிற்றில் கட்டி இழுத்தேன். அத்தை காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் கேபிள் மேலே வந்துவிட்டது.